எழும்பூர் பொலிஸ் மியூசியம் பாத்தாச்சு. யாழ்ப்பாணத்தில ஒண்டு வந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள்ள என்ன வைப்பம்?

கொக்குவில் கிழக்கான்

சென்னைக்குப் போற எங்கட சனம் தி.நகரில உடுப்பு, வடபழனியில கும்பிடு, ஆஸ்பத்திரியில செக்கப் எண்டு முடிச்சுக்கொண்டு வந்திடும். பலாலியில இருந்து நேர பிளேன் ஓடுது. அடுத்த முறை போறவை எழும்பூருக்கும் ஒரு அரை நாள் ஒதுக்குங்கோ. பாந்தியன் சாலையில இருக்கிற பெரிய மியூசியத்தைச் சொல்லேல்லை, அது எல்லாருக்கும் தெரியும். அதே எழும்பூரில பழைய பொலிஸ் கமிஷனர் அலுவலகம் இருக்கு. 2021 செப்டெம்பரில முதலமைச்சர் ஸ்டாலின் அதைத் தமிழ்நாடு காவல் அருங்காட்சியகமாத் திறந்து வைச்சவர்.

கட்டடத்துக்காகவே போகலாம். 1842 இல கட்டினது. அருணகிரி முதலியார் எண்டவரின்ர பங்களா. முதலில மாசம் 165 ரூபா வாடகைக்கு எடுத்து, பிறகு மெட்ராசின்ர முதல் பொலிஸ் கமிஷனர் போல்டர்சன் காலத்தில 21,000 ரூபாவுக்கு வாங்கினதெண்டு சொல்லுகினம். கமிஷனர் அலுவலகம் வேப்பேரிக்கு மாறும்வரைக்கும் நூற்றைம்பது வருசத்துக்கு மேல நகரத்துப் பொலிசின்ர தலைமையிடம் இதுதான். தடிச்ச சுவர், உயர்ந்த கூரை. வெளியில சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ள வித்தியாசம் தெரியும். இடிச்சுப்போட்டு ஏழு மாடி கட்டாமல் விட்டதுக்கே ஒரு கும்பிடு போடலாம்.

உள்ளுக்குப் பழைய சீருடைகள், பதக்கங்கள், பாண்ட் வாத்தியங்கள், வயர்லெஸ் பெட்டிகள், கள்ள நோட்டுச் சாமான்கள், களவு போய் மீட்ட சிலைகள் எண்டு நிறைய இருக்கு. துவக்குகளும் வரிசையா இருக்கு. அந்த இடத்தை நான் கெதியாக் கடந்திட்டன். யாழ்ப்பாணத்தான் துவக்குப் பாக்கக் கடல் தாண்டத் தேவையில்லை.

நான் கனநேரம் நிண்டது கமிஷனரின்ர பழைய அறையில. அந்த மேசைக்கு இந்தப் பக்கம் எத்தினை பேர் கைகட்டி நிண்டிருப்பினம்? மேசைக்கு அங்கால இருந்தவையின்ர பேர் படம் எல்லாம் இருக்கு. இங்கால நிண்டவையின்ர கதைதான் கண்ணில படேல்லை.

இனிக் கேள்வி. யாழ்ப்பாணத்தில ஒரு பொலிஸ் வரலாற்று மியூசியம் வைக்கிறதெண்டால் எந்தக் கட்டடம்? உள்ளுக்கு என்ன? சும்மா கதைப்பம்.

ஆரியகுளத்தடி

அரசியலமைப்பின்ர 13 ஆவது திருத்தத்தில எழுதின மாகாணப் பொலிஸ் 1987 இல இருந்து வருது வருது எண்டு இன்னும் வந்து சேரேல்லை. மியூசியமாவது முதலில வரட்டும். வராத பொலிசுக்கு மியூசியம் கட்டின ஒரே ஊர் எண்டு உலக சாதனையில போடலாம்.

மயிலை மாடவீதி

சென்னையிலிருந்து எழுதறேன், நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். எழும்பூர் பிடிச்சிருந்தா கோயம்புத்தூர் ஹாமில்டன் கிளப்பையும் பாருங்க. ஹாமில்டன்னு ஒரு போலீஸ் அதிகாரி பேரில 1918-ல கட்டின கட்டடம், அதையும் காவல் அருங்காட்சியகமா மாத்தியிருக்காங்க. சின்ன இடம், ஆனா எழும்பூர் மாதிரி பெரிய கூட்டம் இருக்காது.

கொக்குவில் நண்பர் மேசைக்கு இந்தப் பக்கம் நின்னவங்களைப் பத்திக் கேட்டது சரியான கேள்வி. சென்னை மாகாணத்துல இப்ப நாம பாக்கிற மாதிரியான காவல்துறை உருவானது 1859-ஆம் வருஷத்துச் சட்டத்தால. அதுக்கு நாலு வருஷம் முன்னால, 1855-ல, ஒரு சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை குடுத்துது. வரி கட்டாத குடியானவனையும், திருடினான்னு சந்தேகப்பட்டவனையும் தாசில் ஆட்களும் காவல் சேவகர்களும் என்ன பண்ணாங்கன்னு அதுல வாக்குமூலத்தோட இருக்கு. விரலை நெரிக்கிற கிட்டி, கழுத்தையும் கால் கட்டைவிரலையும் கயித்தால சேத்து வெயில்ல குனிய வச்சு நிறுத்தறது, எல்லாமே. அப்ப வரி வாங்கறவனும் காவல் பாக்கிறவனும் ஒரே ஆள். அந்த ரெண்டு வேலையையும் பிரிக்கணும்னு வந்த வாதத்துக்கு இந்த அறிக்கை பெரிய பலம். பிரிச்சு அமைச்சதுதான் புதுப் போலீஸ். ரெண்டு வருஷம் கழிச்சு 1861-ல வந்த இந்தியப் போலீஸ் சட்டத்துக்கும் சென்னைச் சட்டம் ஒரு முன்மாதிரி.

எனக்குத் தோணறது இதுதான்: அந்த அருங்காட்சியகத்துல முதல் பெட்டியில வைக்க வேண்டிய பொருள் கிட்டி. வாளுக்கும் பதக்கத்துக்கும் முன்னால.

பழைய சார்ஜன்

நான் இந்தத் திணைக்களத்தில இருந்து ஓய்வு பெற்றவன். யாழ்ப்பாணத்தில பொலிஸ் எண்ட உடனே எல்லாரும் ஒரே திசையில கதைக்கிறதால இதையும் ஒருக்கா வாசியுங்கோ.

இலங்கைப் பொலிஸ் செப்டெம்பர் 3 ஆம் திகதியைத் தன்ர பிறந்தநாளாக் கொண்டாடுது. 1866 இல வில்லியம் ரொபேட் கம்பல் பொறுப்பெடுத்த நாள். பம்பாய்ப் பக்கம் இரத்னகிரியில வேலை செய்து போட்டு வந்தவர், அடுத்த வருசம் முதலாவது பொலிஸ் மா அதிபர். நாங்கள் இன்னும் பிடிச்சுக்கொண்டிருக்கிற பொலிஸ் கட்டளைச் சட்டம் 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கம். சட்டம் போட்ட மகாராணி போய்ச் சேர்ந்து நூறு வருசத்துக்கு மேல, சட்டம் நிக்குது.

மார்ச் 21 மாவீரர் தினம், பொலிசின்ரதைத்தான் சொல்லுறன். 1864 இல கொள்ளைக்காரன் சரதியலைப் பிடிக்கப் போன இடத்தில சுடுபட்டுச் செத்த கொன்ஸ்டபிள் சபான். மலாய்க்காரர், முஸ்லிம். கடமையில உயிர்விட்ட முதல் பொலிஸ்காரன் எண்டு அவரைத்தான் நினைவுகூருறது. சரதியலை எல்லாருக்கும் தெரியும், நாடகமும் கதையும் கனக்க. சபானை ஆருக்குத் தெரியும்? மியூசியம் எண்டு ஒண்டு இருந்தால் அப்படியான ஆக்களுக்குத்தான்.

தமிழரும் இந்த உடுப்புப் போட்டவை. ருத்ரா ராஜசிங்கம் 1982 இல இருந்து 1985 வரை பொலிஸ் மா அதிபர். எந்த வருசங்கள் எண்டு பாருங்கோ, 1983 நடுவில வருது. அந்தக் கதிரையில இருந்த ஒரு தமிழன் என்ன பாடுபட்டிருப்பார் எண்டதைக் கேட்க ஒரு பெட்டி வேணுமா வேண்டாமா?

பண்ணைக்காற்று

சார்ஜன் அண்ணை சொல்லுறது கொழும்பின்ர கதை. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில வெள்ளைக்காரன் காலம் முழுக்கக் காக்கிச்சட்டை கண்டது அருமை. பட்டினத்தில பொலிஸ், ஊரில விதானையார். மணியகாரன், அவருக்குக் கீழ உடையார், அவருக்குக் கீழ விதானை. களவு, அடிபிடி, பிரேதம் எடுத்தது எல்லாத்துக்கும் முதல் வந்து நிக்கிறது அவர்தான். 1913 இல இருந்து 1937 வரை பொலிஸ் மா அதிபரா இருந்த டௌபிகின் காலத்திலதான் பொலிஸ் நாட்டுக்குள்ள நல்லாப் பரவினது. கிராமத் தலைமைக்காரர் முறையை 1963 இல எடுத்துப்போட்டுக் கிராமசேவகரைக் கொண்டந்தவை. எங்கட சனம் கிராம அலுவலரை இண்டைக்கும் விதானையார் எண்டுதான் கூப்பிடுது.

ஆனபடியா என்ர கருத்து, யாழ்ப்பாணப் பொலிஸ் மியூசியத்தில பாதி இடம் விதானையாருக்குப் போகவேணும். என்ர அப்பப்பாவின்ர தமையன் தீவுப்பகுதியில விதானை. அவற்ற கொப்பி ஒண்டு வீட்டில கிடக்குது. வாசிச்சால் சிரிப்பும் வரும், யோசினையும் வரும். வேலி அரக்கினது, எல்லைக் கதியாலைப் (வேலித் தடியை) புடுங்கினது, ஆடு களவு, கிணத்துத் தண்ணிக்கு வாய்ச்சண்டை, அனுமதியில்லாமல் கள்ளு இறக்கினது. துவக்கு ஒரு இடத்திலையும் இல்லை. நூறு பக்கத்தில பாதி வேலிதான். எங்கட ஆக்களின்ர குற்றவியல் வரலாறு எண்டால் அது கதியாலாலதான் தொடங்கவேணும்.

முற்றவெளி

இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டு இருந்தனான். ஆராவது சொல்லுவினமெண்டு பாத்தன், சொல்லேல்லை.

1961 பெப்ரவரி 20. யாழ்ப்பாணக் கச்சேரி, அதுதான் அரசாங்க அதிபரின்ர அலுவலகம், அதின்ர வாசலில தனிச்சிங்களச் சட்டத்துக்கு எதிரா சத்தியாக்கிரகம் தொடங்கின நாள். நிலத்தில இருந்தவையைப் பொலிஸ் தூக்கி எறிஞ்சு குண்டாந்தடியால அடிச்சது.

1974 ஜனவரி 10. தமிழாராய்ச்சி மாநாட்டின்ர கடைசி நாள், வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால கூடின சனத்துக்குள்ள பொலிஸ் புகுந்தது. சுட்டதில மின்கம்பி அறுந்து விழுந்து சனம் செத்தது. அரசாங்கம் விசாரிக்கேல்லை. ஓய்வுபெற்ற நீதியரசர்கள் டி கிரெட்சரும் மாணிக்கவாசகரும் ஆயர் குலேந்திரனும் சேர்ந்து மக்கள் சார்பில விசாரிச்சுப் பொலிசிலதான் பிழை எண்டு எழுதினவை. நினைவுத்தூண்கள் இப்பவும் நிக்குது.

1981 மே 31 இரவு. முதலில தேர்தல் கூட்டத்தில நிண்ட பொலிஸ்காரர் மேல சூடு, அதுக்குப் பிறகு பொலிஸ் வெளிக்கிட்டுக் கடைத்தெரு, ஈழநாடு பத்திரிகை அலுவலகம், யாழ்ப்பாண எம்.பி. யோகேஸ்வரனின்ர வீடு, கடைசியா நூலகம். 97,000 புத்தகம்.

இதுகளை வைக்காமல் யாழ்ப்பாணத்தில பொலிஸ் மியூசியம் திறந்தால் நானே வாசலில இருப்பன், 1961 போல.

பழைய சார்ஜன்

தம்பி முற்றவெளி, நீர் எழுதினதில ஒரு வரியையும் நான் மறுக்கேல்லை. 1981 பற்றி எங்களுக்குள்ள வெட்கப்பட்டவையும் இருந்தவை. வெளியில சொல்லேல்லை, அதுதான். நீர் முதல் குறிப்பிட்ட சூட்டில செத்த பொலிஸ்காரரும் ஆரோ பெத்த பிள்ளையள். எழுபதுகளின்ர கடைசியில யாழ்ப்பாணத்தில சுடுபட்ட பொலிஸ்காரரில தமிழரும் கனபேர். அவையின்ர பேரையும் அந்தச் சுவரில போடுவீரோ?

முற்றவெளி

போடலாம். ஆனால் அவையின்ர பேர் பொலிஸ் திணைக்களத்தின்ர சுவரில ஏற்கெனவே இருக்குது. 1974 இல செத்தவையின்ர பேர் எந்த அரசாங்கச் சுவரிலையும் இல்லை. ரெண்டும் ஒரு சுவருக்கு வந்தால் நான் வாசலில இருக்கமாட்டன்.

சுன்னாகம் சந்தை

பண்ணைக்காற்று அண்ணை விதானையார் கொப்பியைப் பற்றி நல்ல வடிவா எழுதினியள். ஒரு கேள்வி. விதானையார் எந்த ஆக்கள்? ஆர் வீட்டுப் படலைக்கு வெளியில நிண்டு ஆர் முறைப்பாடு குடுத்தது? எந்த முறைப்பாடு கொப்பியில ஏறினது, எது ஏறேல்லை?

1966 ஒக்டோபர் 21. சுன்னாகத்தில இருந்து தீண்டாமைக்கு எதிரா ஊர்வலம் வெளிக்கிட்டது. பொலிஸ் மறிச்சு அடிச்சது. ஊர்வலம் நிக்கேல்லை, யாழ்ப்பாணம் வரைக்கும் போனது. 1961 ஐச் சொன்ன தம்பிக்கு 1966 ஞாபகம் வரேல்லை. அதையும் சேர்க்கோணும்.

1968 இல மாவிட்டபுரம் கோயில் வாசல். உள்ளுக்கு விடச்சொல்லி ஒரு பக்கம், விடமாட்டம் எண்டு மறுபக்கம், நடுவில பொலிஸ். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இலையே வந்திட்டுது. பதினொரு வருசத்துக்குப் பிறகும் அந்த வாசலில சட்டம் ஆருக்காக நிண்டது எண்டதைத்தான் மியூசியம் காட்டோணும். எங்கட ஆக்களுக்குச் சில நேரம் விதானையை விடச் சிங்களப் பொலிஸ்காரன் பரவாயில்லை எண்டு இருந்தது. எங்கட பெத்தாச்சி சொல்லுவா. உங்களுக்குக் கேட்கக் கசக்கும்.

பண்ணைக்காற்று

கசக்கேல்லை. கொப்பியை இப்ப திரும்பப் புரட்டிப் பாத்தன். முறைப்பாடு குடுத்தவையின்ர பேருக்குப் பக்கத்தில ஊரும் தகப்பன் பேரும் எழுதியிருக்கு. சில பேருக்குப் பேர் மட்டும், அதுவும் அரைப் பேர். நீங்கள் கேட்டதுக்கு மறுமொழி அதுக்குள்ளேயே கிடக்குது.

மயிலை மாடவீதி

அந்த ஒரு பக்கம் போதுமே சார். முழுப் பேர், அரைப் பேர் ரெண்டும் தெரியற மாதிரி விரிச்சு வச்சுட்டா, பக்கத்துல விளக்கப் பலகையே வேண்டாம்.

பல்கலை வாசல்

ஒரு பெரிய ஓட்டை இருக்கு. 1985 சித்திரையில யாழ்ப்பாணப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டதுக்குப் பிறகு இங்க பொலிஸ் பேருக்குத்தான். 1991 இல இருந்து 1995 வரை இந்த ஊரில களவு போனால், வேலி அரக்கினால், ஆரிட்டப் போனது? புலிகள் நடத்தின தமிழீழக் காவல்துறையிட்ட. இளநீலச் சட்டை, கருநீல நீளக்காற்சட்டை. 1991 நவம்பரில தொடங்கினது. பொறுப்பாளர் நடேசன் முந்தி இலங்கைப் பொலிசில கொன்ஸ்டபிளா இருந்தவர்.

நான் அதுக்குப் பிறகு பிறந்தவள். அம்மாவைக் கேட்டால், இரவு பதினொரு மணிக்கும் பொம்பிளைப் பிள்ளையள் சைக்கிளில வரலாம் எண்டுவா. மாமாவைக் கேட்டால் வேற கதை சொல்லுவார், குரலைக் குறைச்சு. ரெண்டும் ஒரே வீட்டில இருக்குது. இதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுத வெளிக்கிட்டன், பேட்டி குடுக்க வந்தவை பேரைப் போடவேண்டாம் எண்டிட்டினம்.

கொழும்பிலையும் பொலிசுக்கு மியூசியம் இருக்குது. அங்க இந்தக் காலம் எப்பவும் எதிரியின்ர காலம்தான். எங்கட ஊரில அது அயலட்டையின்ர காலம். ஆர் எழுதுறது இந்தப் பலகையை?

ஸ்காபரோ மாமா

பிள்ளை சரியாச் சொன்னது. நாங்கள் இருந்த காலத்தில ஒழுக்கம் இருந்தது. களவு இல்லை, குடி இல்லை, வாள்வெட்டு இல்லை. அதை அப்படியே வைக்கோணும்.

ஆரியகுளத்தடி

மாமா, நீங்கள் எந்த வருசம் கனடாவுக்கு வெளிக்கிட்டனியள்?

ஸ்காபரோ மாமா

1989. ஏன்?

ஆரியகுளத்தடி

சும்மா கேட்டனான்.

நிர்வாகி

இழை நல்லாப் போகுது. ஆனால் உயிரோட இருக்கிற ஆக்களின்ர பேர், நிலையத்தின்ர பேர் போட்டுத் தனிப்பட்ட குற்றச்சாட்டு எழுதாதேங்கோ. ரெண்டு பதிவை எடுத்திருக்கிறன். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல தற்காலிகம் எண்டு வந்தது, இன்னும் இருக்குது எண்டதையும் ஞாபகத்தில வைச்சுக்கொண்டு எழுதுங்கோ.

காரைநகர் கடல்

கட்டடத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே. எழும்பூரில கட்டடம்தானே தொடக்கம்.

என்ர தெரிவு கடற்கோட்டை. ஹம்மன்ஹீல். போர்த்துக்கேயன் தொடக்கி ஒல்லாந்தன் திருத்தினது, பிறகு சிறை. தெற்கில நடந்த 1971 கிளர்ச்சிக்குப் பிறகு, அதை நடத்தின இடதுசாரி ஜேவிபிக் காரரை அடைச்சு வைச்ச இடம். ஆனால் அது இப்ப கடற்படையின்ர ஹோட்டல். காசு குடுத்தால் மறியல் அறைக்குள்ள இரவு படுக்கலாம், சாப்பாடும் வரும். முந்தி காசில்லாமல் படுத்தவை, இப்ப காசு குடுத்துப் படுக்கினம். மியூசியம் ஆகாது, வருமானம் வாற இடத்தை ஆர் விடுவான்?

பழைய சார்ஜன்

1971 எண்டதும் ஞாபகம் வருது. ஜேவிபித் தலைவர் விஜேவீரவை அப்ப யாழ்ப்பாணக் கோட்டைச் சிறையிலதான் வைச்சிருந்தது. ஏப்ரல் 5 இரவு அவரை மீட்க ஜேவிபிக் காரர் யாழ்ப்பாணம் வந்து பொலிஸ் நிலையத்தை அடிச்சவை, சரிவரேல்லை. தெற்கில இருந்து சிங்களப் பொடியள் வந்து யாழ்ப்பாணப் பொலிசோட சண்டை பிடிச்ச இரவு அது. இந்த ஊரில உள்ள பொடியள் அப்ப பள்ளிக்கூடம். கோட்டைக்குள்ள அந்தச் சிறைப் பகுதியின்ர இடிபாடு இருக்குது. அதுதான் இயல்பான இடம்.

கொக்குவில் கிழக்கான்

கோட்டை தொல்பொருள் திணைக்களத்திட்ட இருக்குது. 1658 இல ஒல்லாந்தன் பிடிச்சது, 1990 முற்றுகையில உள்ளுக்கு இருந்த ஒல்லாந்தர் தேவாலயம் அடியோட போனது, பிறகு நெதர்லாந்துக் காசில மதில் திருத்தினது எண்டு அந்தக் கோட்டைக்கே சொல்ல வேண்டிய கதை கனக்க. பொலிசை அதுக்குள்ள கொண்டுபோய்ச் செருகினால் ஒரு மூலைக்குப் போயிடும்.

எனக்குப் பழைய பூங்காவில நிக்கிற பழைய கச்சேரிக் கட்டடம்தான் மனசில. கூரை இல்லை, சுவர் முழுக்கச் சன்னம் பட்ட ஓட்டை, மரம் முளைச்சிட்டுது. 1829 இல இருந்து 1867 வரைக்கும் இந்த மாகாணத்தை ஆண்ட அரசாங்க அதிபர் டைக் உண்டாக்கின பூங்கா அது. மணியகாரனும் உடையாரும் விதானையும் அந்தப் படியில ஏறி இறங்கினவை. வரி, காணி, நீதி, காவல் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. மயிலை அண்ணை சொன்ன மெட்ராஸ் கதைதான், இங்க அந்த ரெண்டையும் பிரிக்க இன்னும் கனகாலம் எடுத்தது.

புதுசாக் கட்டுறதை விட அந்தச் சுவரை அப்படியே பிடிச்சு நிப்பாட்டி, மேல ஒரு கூரை மட்டும் போட்டால் போதும். ஓட்டைகளைப் பூசக்கூடாது. எழும்பூரில எல்லாத்தையும் வடிவாப் பூசி வெள்ளை அடிச்சிருக்கினம், அங்க அது பொருத்தம். இங்க பூசினால் பாதிச் சாட்சி போயிடும்.

கந்தர்மடம் சந்தி

நீங்கள் எல்லாம் பெரிய கதை. எனக்கு ஒரே ஒரு பெட்டி போதும். உள்ளுக்கு ஒரு சைக்கிள், முன்னால லைட் இல்லை, பாரில ஒருத்தர், மிதிக்கிறது ஒருத்தர். பக்கத்தில ஒரு பொலிஸ்காரன் பொம்மை, கையில கழட்டின வால்வு. டபுள்ஸ் போய்ப் பிடிபடாத ஆம்பிளை அந்தக் காலத்தில யாழ்ப்பாணத்தில இருந்தவனோ? காத்தை விட்டுட்டு உருட்டிக்கொண்டு போ எண்டு விடுவாங்கள். வழக்கு எழுதினால் நீதிமன்றம், வீட்டில அடி. வால்வோட விட்டது கருணை.

இன்னொரு பெட்டி, முறைப்பாட்டு மேசை. போனகிழமை ஒரு நிலையத்துக்கு என்ட்ரி போடப் போனன், எந்த நிலையம் எண்டு சொல்லேல்லை, நிர்வாகி முறைப்பார். தமிழ் எழுதத் தெரிஞ்சவர் வெளியில போயிட்டார், இருங்கோ எண்டினம். வடக்கில நிர்வாக மொழி தமிழ் எண்டு அரசியலமைப்பில கிடக்குது. நான் தமிழில சொல்ல, அவர் சிங்களத்தில எழுத, கடைசியில நான் வாசிக்கத் தெரியாத ஒண்டுக்குக் கையெழுத்து வைச்சன். 1956 இல தனிச்சிங்களச் சட்டத்தோட தொடங்கின கதை இன்னும் அந்த மேசையில இருக்கு. மியூசியத்தில வைக்க அந்த மேசையைக் கேட்டால் தருவாங்களோ தெரியாது, பாவனையில இருக்கெல்லோ.

பல்கலை வாசல்

அந்த என்ட்ரியின்ர பிரதி ஒண்டு கேட்டு வாங்கி வையுங்கோ. நான் பகிடிக்குச் சொல்லேல்லை. டைக்கின்ர, அவருக்குப் பிறகு அரசாங்க அதிபரா இருந்த துவைனத்தின்ர நாட்குறிப்புகள் கொழும்பில தேசிய சுவடிக்கூடத்தில பத்திரமா இருக்குது. அதிகாரி எழுதினது எப்பவும் தப்பும். சனத்திட்ட இருக்கிற துண்டுதான் இடம்பெயர்வில போனது. 1995 ஒக்டோபரில ஒரு இரவில இந்தக் குடாநாட்டில இருந்து வெளிக்கிட்ட சனம் பெட்டியில போட்டது காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும். பழைய அழைப்பாணை, தண்டப்பணத் துண்டு, பெட்டிசப் பிரதி எல்லாத்தையும் ஆர் தூக்கினது?

மயிலை மாடவீதி

எங்க ஊர்ல 1992-ல ஆயிரம் விளக்குல முதல் மகளிர் காவல் நிலையம் ஆரம்பிச்சாங்க. அந்த முதல் வருஷத்துப் புகார்க் கடிதங்கள் எங்கேயாவது இருந்தா, அந்தக் காலத்துப் பொம்பளைங்களோட வாழ்க்கை முழுசா அதுல இருக்கும். அருங்காட்சியகத்துல பெண் காவலர்களைப் பத்திப் பெருமையாச் சொல்லுவாங்க, சொல்லவும் வேணும். புகார் குடுக்க வந்தவங்க எழுதின தாளை யாரும் தேடறதில்லை. பல்கலை வாசல் சொல்றது ரெண்டு கரைக்கும் பொருந்தும்.

பழைய சார்ஜன்

பொலிசாலையும் தூக்க ஏலேல்லை. 1985 க்குப் பிறகு நிலையங்கள் மூடுப்பட, தகவல் புத்தகம், பீட் புத்தகம், மறியல் பதிவேடு எல்லாம் எங்க போனதெண்டு கேட்டால் ஒருத்தருக்கும் மறுமொழி இல்லை. எரிஞ்சது கொஞ்சம், கச்சான் கடலை சுத்த எடுத்தது கொஞ்சமா இருக்கும். என்னட்ட இருக்கிறது ஒரு இடுப்புப் பட்டி, ஒரு விசில், மாற்றல் கடிதங்கள். மாற்றல் கடிதம் ரெண்டு மொழியில இருக்கிற வருசமும் ஒரு மொழியில இருக்கிற வருசமும் வித்தியாசமா இருக்குது, இப்பதான் கவனிச்சன். வேணுமெண்டால் தாறன். திருப்பித் தரவேணும்.

சுன்னாகம் சந்தை

1966 ஊர்வலத்தில போன ஆக்களில ஊரில இன்னும் இருக்கிறவை இருக்கினம். நான் போய்க் கேட்டு ஒலிப்பதிவு எடுக்கிறன். பேர் போடுறதா வேண்டாமா எண்டதை அவையே சொல்லட்டும். ஆனால் விதானையார் கொப்பியும் அந்த ஒலியும் ஒரே அறையில இருக்கோணும், பக்கத்து அறையில இல்லை. இதில விட்டுக்கொடுக்கமாட்டன்.

முற்றவெளி

எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. அரசாங்கம் கட்டினால் பொலிஸ் பாண்ட் அடிச்சுத் திறப்பாங்கள், 1981 க்கு ஒரு வரி, அதிலையும் "துரதிர்ஷ்டவசமான" எண்டு ஒரு சொல். நாங்கள் கட்டினால் காசில்லை. ஆனபடியாக் கட்டடத்தை விடுங்கோ. சாமான்களை முதலில ஸ்கான் பண்ணி நூலகம் நிறுவனத்திட்டக் குடுப்பம். 2005 இல இருந்து அவை செய்யிற வேலை இதுதான். டி கிரெட்சர் குழுவின்ர அறிக்கைப் பிரதி ஒண்டு எங்கட வீட்டில இருக்கு, நான் அதைக் கொண்டுவாறன்.

கொக்குவில் கிழக்கான்

சரி. வாற ஞாயிறு பின்னேரம் வரக்கூடியவை இதில எழுதுங்கோ, இடத்தைத் தனிமடலில சொல்லுறன். ஸ்கானர் என்னட்ட இருக்குது, ஏ4 தான் எடுக்கும், பெரிய பதிவேடு எண்டால் கமரா ஸ்ராண்ட் தேவை. பழைய பேப்பருக்கு செலோரேப் ஒட்டாதேங்கோ, லமினேட் பண்ணிப்போடவும் வேண்டாம். பூச்சி அரிச்ச கொப்பியை வெயிலில காயப்போடாமல் அப்படியே கடதாசியில சுத்திக் கொண்டு வாங்கோ.

சார்ஜன் அண்ணை, உங்கட சாமான் எல்லாத்துக்கும் பற்றுச்சீட்டு எழுதித் தருவன். தமிழில.

பண்ணைக்காற்று

நான் வாறன். கொப்பியின்ர முதல் பத்துப் பக்கத்தைப் போனில படம் எடுத்து இப்ப ஏத்தியிருக்கிறன். மூண்டாம் பக்கத்தில சுன்னாகம் சந்தை கேட்ட மாதிரி அரைப் பேர் ஒண்டு வருது, மை ஊறிப்போய்ச் சரியாத் தெரியேல்லை. பழைய கையெழுத்து வாசிக்கக்கூடிய ஆராவது பாத்துச் சொல்லுங்கோ.

சுன்னாகம் சந்தை

பாத்தன். "சின்ன" எண்டு தொடங்குது, மிச்சம் விளங்கேல்லை. பிளாஷ் போடாமல் யன்னல் வெளிச்சத்தில இன்னொருக்கா எடுத்துப் போடுங்கோ.